முட்டிக்குள் துரு

வலித்தால் கடலில் இறங்கு. சங்கு குளிக்கிற எங்களுக்கு இதுதான் வைத்தியம். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் மூட்டுகளில் ஒரு பிடிப்பு வரும். தோளிலோ முட்டியிலோ ஆணி அடித்தாற்போல் குத்தும். ரத்தத்தில் காற்றுக் குமிழி சேர்வதால் வருவது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எங்கள் ஆட்கள் காரணமெல்லாம் பார்ப்பதில்லை. மறுபடி இறங்கி, பாதி ஆழத்தில் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு மெல்ல ஏறினால் போய்விடும் என்பார்கள். சிலருக்குப் போயிருக்கிறது. சிலர் அதோடு நடக்க முடியாமல் போனதும் உண்டு. அவர்களைப் பற்றி வள்ளத்தில் யாரும் பேச மாட்டோம்.

எனக்கு வலது முட்டி இருபது வருடமாக வலித்தது. நானும் இருபது வருடமாக இறங்கிக்கொண்டே இருந்தேன். தண்ணீருக்குள் போனால் நிஜமாகவே வலி குறைந்தது. அதனால் இது பிடிப்புதான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கடலுக்குள் உடம்புக்குக் கனம் கிடையாது, கனம் ஏறாத கால் வலிக்காது என்கிற சின்ன விஷயம் என் புத்திக்கு எட்டவில்லை. இறங்குவதற்கு முன் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை ஒன்று, ஏறிய பிறகு ஒன்று. என் மாதிரி ஆட்களுக்கு அந்த மாத்திரை ரத்தக் கசிவைக் கூட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். நான் விட்டுக்கொண்டதோடு நிற்கவில்லை. இருபது வருடம் தீனியும் போட்டிருக்கிறேன்.

என் பெயர் மிக்கேல். வயது ஐம்பத்திரண்டு. தூத்துக்குடிக் கடற்கரையில் ஒற்றை ஆளாகக் குடியிருக்கிறேன். மனைவி அருள்மேரி நான்கு வருடத்துக்கு முன் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். ஒரே மகள் ரெஜினாவை நாகர்கோவிலில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். நான் தண்ணீருக்குள் இருக்கும்போது மேலே வள்ளத்தில் என் காற்றுக் குழாயையும் கயிற்றையும் பிடிக்கிறவன் கஸ்பார். அருள்மேரியின் தம்பி. குளிக்கிறவனுடைய கயிற்றை மச்சினன் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். அக்காள் தாலிக்காகவாவது கயிற்றை விட மாட்டான் என்ற கணக்கு. அக்காள் போன பிறகும் அவன் கயிற்றை விடவில்லை. ஆனால் நாங்கள் பேசிக்கொள்வது குறைந்துவிட்டது. இருவருக்கும் நடுவில் பேச்சை நடத்திக்கொண்டிருந்தவள் அவள்தான் என்று அவள் போன பிறகே தெரிந்தது.

ரெஜினாவுக்கு இது தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ஏழாம் மாதச் சடங்கு முடிந்து அவளை அழைத்துவர வேண்டிய நேரத்தில் என் முட்டி பலாப்பிஞ்சு கணக்கில் வீங்கிக் கிடந்தது. கக்கூசுக்குக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவேன். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இங்கன உன்னப் பாக்கப் பொம்பளை ஆள் இல்ல மக்கா. அங்கனயே இருந்துக்க" என்றேன் போனில்.

"அம்மா இருந்திருந்தா இப்படிச் சொல்லியிருப்பாளா?" என்று கேட்டாள்.

அன்றோடு அவள் கூப்பிடுவதை நிறுத்தினாள். கஷ்டம் தெரிந்தால் நிறைவயிற்றோடு பஸ் ஏறி வந்துவிடுவாள் என்று பயந்தேன். இது பாதிதான் உண்மை. சுவரைப் பிடித்து நடக்கிற அப்பனை அவள் பார்க்கக் கூடாது என்கிற வீம்பு மீதிப் பாதி.

*

அந்த வீக்கம் வற்றிய பிறகு மறுபடி கடலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை வள்ளத்திலிருந்து இறங்கும்போது கால் மடங்கிக் கீழே விழுந்தேன். பெரிய விழுதல் இல்லை. ஆனால் மதியத்துக்குள் முட்டி பளபளவென்று வீங்கிவிட்டது. தோலைத் தொட்டால் இட்லித் தட்டுச் சூடு. கஸ்பாரிடம், "வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்ச்சை இருக்கு, பத்து நாள் கழிச்சு வாரேன்" என்று சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்துத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போனேன். மாதாவின் பெயரைச் சொல்லிப் புளுகியதற்கு அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி என்பது கூட்டத்தில் ஒருவனைத் தனியாக்குகிற இடம். வரிசையில் இருந்த எல்லோர் பக்கத்திலும் யாராவது இருந்தார்கள். பையை வைத்துக்கொள்ள ஒருத்தி, டோக்கன் கூப்பிட்டால் எழுப்ப ஒருவன், வெறுமனே சண்டை போட ஒருவர். எனக்குப் பக்கத்து நாற்காலியில் என் எக்ஸ்ரே கவர் இருந்தது. சீட்டு எழுதிய பெண் நிமிராமலேயே, "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள். "வாராங்க" என்றேன். யாரும் வரப்போவதில்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

எலும்பு டாக்டர் இளவயதுக்காரர், நிதானமானவர். முட்டியில் ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்தார். ஊசிக்குள் ஏறியது நீர் இல்லை. கடுங்காப்பி நிறத்தில் ஏதோ வந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பழைய ரத்தம். அடிக்கடி வீங்குமா?"

"இல்ல சார். இப்பத்தான்."

"வேற எந்த மூட்டாவது இப்படி வந்திருக்கா?"

"இல்ல சார்."

"பல்லு எடுத்தப்போ, காயம் பட்டப்போ, ரத்தம் நிக்காமப் போயிருக்கா? வீட்டுல யாருக்காவது?"

"அப்படி ஒன்னும் இல்ல சார்."

மூன்றும் பொய். ஏன் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் சிரிப்பும் வருகிறது, என்னை நானே அறையவும் தோன்றுகிறது. எங்கள் தொழிலில் 'எனக்கு வலிக்கிறது' என்று சொன்னவனை அடுத்த நாள் வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள். நீருக்குள் அவன் மயங்கினால் எல்லோருக்கும் ஆபத்து. அதனால் 'ஒன்றுமில்லை' என்பது எங்கள் வாயில் தானாக வரும். டாக்டரையும் சம்மாட்டி என்று நினைத்துவிட்டது என் நாக்கு. சம்மாட்டி என்றால் வள்ளத்து முதலாளி.

மூட்டுக்கு உள்ளே மெல்லிய உறை ஒன்று இருக்கிறதாம். மூட்டு வழுக்கிக்கொண்டு அசைய எண்ணெய் மாதிரி நீரைச் சுரப்பது அதுதான். அந்த உறை தடித்து வளர்ந்திருக்கலாம் என்று டாக்டருக்குச் சந்தேகம். எக்ஸ்ரேயில் உறை தெரியாது, எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்றார். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை சின்னத் துளை போட்டு, உறையில் ஒரு துணுக்கை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்றார். நான் தலையாட்டினேன். அன்றே கட்டிலும் கொடுத்துவிட்டார்கள்.

*

ஸ்கேன் எடுக்கிற இடம் ஊரின் வேறொரு மூலையில் இருந்தது. ஆஸ்பத்திரி வேனில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். நெஞ்சில் மெஷின் வைத்திருக்கிறீர்களா, வெல்டிங் வேலை பார்த்ததுண்டா, கண்ணில் இரும்புத்தூள் விழுந்ததுண்டா, உடம்பில் எங்காவது இரும்பு இருக்கிறதா. இந்த மெஷின் ஒரு பெரிய காந்தம், அதனால்தான் இத்தனை கேள்வி என்றான் அங்கிருந்த டெக்னீஷியன். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதினேன். இந்தத் தடவை மனசறிந்து பொய் சொல்லவில்லை.

"அரைஞாண், செயின், மோதிரம் எல்லாத்தையும் கழட்டிக் கூட வந்தவங்ககிட்டக் குடுத்துருங்க அண்ணாச்சி."

வெள்ளி அரைஞாணையும், கல்யாண மோதிரத்தையும், கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாரிடம் கொடுப்பது? காத்திருந்தவர்களில் ஆறுமுகநேரியிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். உப்பளத்தில் வேலை பார்க்கிற புருஷனுக்கு முதுகு ஸ்கேன். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, "இங்க கொண்டாங்கண்ணே" என்று கையை நீட்டி வாங்கி, முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த மோதிரத்தை நான் கழற்றியது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. முகம் தெரியாத ஒருத்தி அவ்வளவு சாதாரணமாக அதைக் காப்பாற்றித் தந்ததை நினைத்தால் இன்றைக்கும் கண் கலங்குகிறது.

காலை அசையாமல் இருக்க ஒரு கூட்டில் பொருத்தி, காதுக்கு அடைப்பு வைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தான் டெக்னீஷியன். "பயமா இருந்தா அமுக்குங்க. நான் வெளியதான் இருக்கேன்." இருபத்தைந்து நிமிடம் அசையக் கூடாது என்றான். முட்டிக்கு எடுப்பதால் என் தலை பாதி வெளியேதான் இருந்தது. மெஷின் தட தடவென்று அடிக்கத் தொடங்கியது. கப்பலின் அடித்தட்டில் துருவைக் கொத்தி எடுப்பார்களே, அந்தச் சத்தம். கொஞ்சம் நிற்கும், வேறு தாளத்தில் மறுபடி தொடங்கும்.

மூச்சை எண்ணிக்கொண்டு அசையாமல் கிடப்பது எனக்குப் புதிதில்லை. கடலுக்கடியில் இதைவிட அதிக நேரம் கிடந்திருக்கிறேன். ஆனால் அங்கே என் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். ஒரு தடவை இழுத்தால் 'நல்லா இருக்கேன்'. மூன்று தடவை இழுத்தால் 'தூக்கு'. மறுமுனையில் கஸ்பார் பீடி குடித்தாலும் இடது கை கயிற்றில் இருக்கும். இங்கே வெறும் ரப்பர் பந்து. அதை அமுக்கினால் வருகிறவனுக்கு என் பெயர்கூட ஞாபகம் இருக்காது. அருள்மேரி செத்த அன்றுகூட நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அங்கே படுத்துக்கொண்டு அழுதேன். கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. துடைக்கக் கை தூக்கினால் படம் கெட்டுவிடும் என்று அப்படியே விட்டேன்.

வெளியே வந்து சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, படத்தைப் பார்க்கிற டாக்டரம்மா தானே எழுந்து வந்தார். அப்படி வருவது வழக்கமில்லை போலும். டெக்னீஷியன் ஆச்சரியமாகப் பார்த்தான். என்னைக் கணினி முன் உட்கார வைத்தார்.

"இது உங்க முட்டி. இந்தக் கறுப்பெல்லாம் தெரியுதா?"

தெரிந்தது. எலும்புகளுக்கு நடுவிலும் முட்டிச்சில்லுக்கு மேலேயும் கரித்துண்டுகளை அடைத்தாற்போல் கறுப்பு.

"ரத்தத்துல இரும்பு இருக்கு. மூட்டுக்குள்ள ரத்தம் கசிஞ்சா உடம்பு மத்ததையெல்லாம் உறிஞ்சி எடுத்துரும். இரும்பு மட்டும் அந்த உறையில தங்கிரும். திரும்பத் திரும்பக் கசிஞ்சா, திரும்பத் திரும்பத் தங்கும். துரு மாதிரி. இந்த மெஷின் காந்தம் இல்லையா? இரும்பு இருக்கிற இடத்துல அது குழம்பும். அதான் அந்த இடம் கறுப்பா, இருக்கிறதைவிடப் பெருசாவே தெரியுது."

உடம்பில் இரும்பு இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். முட்டி முழுக்க இரும்பாக இருந்திருக்கிறது.

"ரெண்டு நோய் இப்படிக் காட்டும்," என்றார். "ஒன்னு, உறையே கட்டி மாதிரி வளர்ந்து அதுலேருந்து ரத்தம் வரும். பெரும்பாலும் ஒரே ஒரு மூட்டுலதான் வரும். வெட்டி எடுத்துரலாம். இன்னொன்னு, உறை மேல தப்பு கிடையாது. உங்க ரத்தமே சரியா உறையாது. சின்ன அடி பட்டாலும் உள்ள கசிஞ்சுட்டே இருக்கும். அதனால உறை தடிச்சுக் குருத்தெலும்பை அரிச்சுரும். உங்களுக்கு அரிச்சிருக்கு. எலும்புலயும் குழி விழுந்திருக்கு. ஆனா ரெண்டுக்கும் படம் ஒன்னுபோலவே இருக்கலாம். இதுக்கு மேல நீங்கதான் சொல்லணும். வேற எந்த மூட்டு வீங்கியிருக்கு?"

"இல்லம்மா."

அவர் என்னையே பார்த்தார். "சட்டை போடும்போது பாத்தேன். இடது கையை நீட்டுங்க."

நீட்டினேன். முழங்கை பாதியில் நின்றது. பன்னிரண்டு வருடமாக அது அவ்வளவுதான் நீளும். வள்ளத்தில் யாருக்கும் தெரியாமல் இருக்க, எதையும் வலது கையால் வாங்கிப் பழகியிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தவனை ஒரு சட்டை காட்டிக் கொடுத்துவிட்டது.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைவாய்ப் பல் எடுத்தபோது மூன்று நாள் ரத்தம் துப்பியதைச் சொன்னேன். என் அம்மாவின் தம்பி பதினாறு வயதில் பல் பிடுங்கிய ரத்தம் நிற்காமலே செத்ததையும், எங்கள் சொந்தத்தில் இன்றுவரை அந்தப் பல் வைத்தியரைத் திட்டுவதையும் சொன்னேன். டாக்டரம்மா என் முன்னாலேயே எலும்பு டாக்டருக்குப் போன் போட்டார். "நாளைக்குக் கத்தி வைக்காதீங்க சார். மொதல்ல ரத்தம் உறையிற டெஸ்ட் பாத்துருங்க. இவர் இப்பத்தான் வாயைத் திறந்திருக்கார்."

*

ரத்தம் உறைய எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. வெட்டிப் பார்க்கிற வேலையை நிறுத்திவிட்டு, எலும்பு டாக்டர் என்னைத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். "நல்லவேளை அண்ணாச்சி" என்று தோளைத் தட்டினார். கத்தி வைத்திருந்தால் ரத்தத்தை நிறுத்த அவர் என்ன பாடுபட்டிருக்க வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

திருநெல்வேலியில் ரத்தத்துக்கென்று தனி டாக்டர் இருந்தார். நரைத்த தலை, மெல்லிய குரல். நோயின் பெயர் ஹீமோபிலியா. ரத்தம் உறைவதற்கு உடம்பில் வரிசையாகப் பல பொருட்கள் வேலை செய்கின்றன, அதில் எட்டாம் எண்காரன் உங்களிடம் குறைவு என்றார். நூறு இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஆறு. ஒன்றுமே இல்லாதவர்கள் குழந்தையிலேயே மாட்டிக்கொள்வார்கள். ஆறு இருப்பதால்தான் ஐம்பது வயது வரை யாருக்கும் தெரியாமல் ஒப்பேற்றியிருக்கிறேன். அந்த எட்டாம் பொருளை ஊசியாக நரம்பில் ஏற்றலாம், அரசாங்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் என்றார். செலவைப் பற்றி நான் வைத்திருந்த பயம் அங்கேயே இறங்கியது. அரித்துப்போன குருத்தெலும்பு திரும்ப வராது. புதிதாகக் கசியாமல் காக்கலாம். கடலுக்குள் இனி இறங்கக் கூடாது.

கடைசி வாக்கியத்தை ஜீரணிக்க முயன்றுகொண்டிருந்தபோது அடுத்த கேள்வி வந்தது.

"பிள்ளைங்க?"

"ஒரு மக. நாகர்கோவில்ல இருக்கா. முழுகாம இருக்கா, ஒன்பதாம் மாசம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இந்த நோய் எப்படிக் குடும்பத்தில் இறங்கும் என்று ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். அப்பாவுக்கு இருந்தால் மகனுக்குப் போகாது. மகளுக்குக் கட்டாயம் போகும். அவளுக்குப் பெரிதாகத் தொந்தரவு இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவளுக்குப் பிறக்கிற ஆண்பிள்ளைக்கு வர, பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. என் அம்மா எனக்குக் கொடுத்ததும் அவள் தம்பி செத்ததும் இதே கோட்டில்தான்.

"பிரசவத்துல தலையை ஆயுதம் போட்டு இழுத்தா, பிள்ளைக்கு மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். முன்கூட்டியே தெரிஞ்சா எல்லாத்தையும் தவிர்க்கலாம். அவங்களுக்கும் ரத்தம் எவ்வளவு உறையுதுன்னு பாக்கணும். இன்னைக்கே சொல்லிருங்க."

அன்றைக்கே சொல்லவில்லை. அதை எழுதக் கை கூசுகிறது. முழுதாக இரண்டு நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு கிடந்தேன். கைநரம்பில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது, முட்டி வற்றிக்கொண்டிருந்தது. என் நோயை அவளிடம் சொல்வதற்கு நான் பயப்படவில்லை. 'உனக்கு வீட்டில் இடமில்லை' என்று சொன்ன அப்பன், 'உன் ரத்தத்தில் நான் இதை வைத்திருக்கிறேன்' என்று எப்படிச் சொல்வது? பக்கத்துக் கட்டில்காரரின் மகள் அவருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் கஸ்பார் வந்து நின்றான். முந்தின நாள் அவன் போன் போட்டபோது நான் காலுக்குப் பயிற்சி செய்யப் போயிருந்தேன். நர்ஸ் எடுத்து வார்டு எண் உட்பட எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவன் கையில் ஒரு தூக்குவாளி.

"வேளாங்கண்ணி மாதா திருநெல்வேலிக்கு வந்துட்டாளா மச்சான்?"

நான் போர்வையை இழுத்து முட்டியை மூடினேன்.

"இருவது வருசம் உன் கயித்தப் புடிச்சிருக்கேன். உன் மூச்சு லேசா மாறினாலும் எனக்குத் தெரியும்னு ஊர்ல பீத்திக்கிட்டுத் திரியுதேன். கரையில நீ நொண்டுதது எனக்குத் தெரியாம வச்சிருக்கியே, நான் யாருலே உனக்கு?" மச்சானை 'லே' போட்டுக் கூப்பிட்டுவிட்டான். அவன் கண் சிவந்திருந்தது.

தூக்குவாளியில் மீன்குழம்பும் சோறும் இருந்தன. சாப்பிட்டுக்கொண்டே ரெஜினா விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் எழுந்தான்.

"நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?"

"நான் சொல்லுதேன்."

"இப்பவே. என் முன்னாடி."

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று நினைக்கும்போது எடுத்தாள்.

"சொல்லுங்க." அப்பா என்ற வார்த்தை இல்லை.

சொன்னேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முட்டியிலிருந்து தொடங்கினேன். அவளை ஏன் வர வேண்டாம் என்றேன் என்பதையும் சொன்னேன். டாக்டர் போட்ட கோட்டை வாயாலேயே போட்டுக் காட்டினேன். ஆயுதம் போடக் கூடாது என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னேன்.

"சுவத்தப் புடிச்சிக்கிட்டு நடந்தீங்களா?" என்று கேட்டாள் கடைசியில்.

"ஆமா மக்கா."

"அம்மா இல்லன்னதும் நீங்க என்னைய வேண்டாம்னுட்டீங்கன்னு நான்..." போன் அணைந்தது.

நான்கு நாள் அவளிடமிருந்து பேச்சில்லை. மருமகன்தான் வந்தான். என் ரிப்போர்ட்டுகளையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு, ரத்த டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டு போனான். நாகர்கோவில் டாக்டர்கள் தயாராக இருந்தார்கள். அவளுக்கு அந்த எட்டாம் பொருள் போதுமான அளவு இருக்கிறது என்று தெரிந்தது. பதினோராம் நாள் நான் ஊன்றுகோலோடு வீடு திரும்பினேன். கஸ்பார்தான் கூட்டி வந்தான். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் விட்டான். வழியெல்லாம் என் ஊன்றுகோலைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். இப்போது நான் கரையில் சங்கு அளந்து பிரிக்கிற வேலை பார்க்கிறேன். அவன் வேறொருவனுக்குக் கயிறு பிடிக்கிறான். வள்ளம் கிளம்பும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பொறாமையாக இருக்கிறது.

ரெஜினாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஆயுதம் எதுவும் போடவில்லை. பிறந்த உடனே தொப்புள்கொடியிலிருந்து ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அந்த நாட்களில் நான் கோயிலுக்குப் போய்க் கேட்டதெல்லாம் ஒன்றுதான். தனியாக இருக்கிறேன் என்று எத்தனையோ தடவை மாதாவிடம் முறையிட்டிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் என்னைத் தனியாகவே விட்டுவிடு என்று கேட்டேன்.

விடவில்லை. நூறு இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளைக்கு ஏழு.

அவளே கூப்பிட்டுச் சொன்னாள். அழவில்லை. நான்தான் அழுதேன். நான் ஓயும்வரை பொறுத்திருந்தாள்.

"யப்பா, ஒன்னு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும்."

"கேளு மக்கா."

"அவன் பேச ரெண்டு வருசம் ஆவும். அது வரைக்கும் வலிக்குன்னு அவனுக்குச் சொல்லத் தெரியாது. நான் எப்படிக் கண்டுபுடிக்க? வீங்குததுக்கு முன்னாடி உங்களுக்கு எப்படி இருக்கும்? மொதல்ல எப்படி ஆரம்பிக்கும்?"

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. எனக்கு நானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு முட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.

"மொதல்ல வலி இருக்காது மக்கா. உள்ளுக்குள்ள எறும்பு ஊருதாப்ல இருக்கும். அப்புறம் ஒரு வெதுவெதுப்பு. காலை நீட்ட மனசு வராது, மடக்கியே வச்சிருக்கத் தோணும். பிள்ளை ஒரு காலை மட்டும் உதைக்காம மடக்கி வச்சிருந்தான்னா, ரெண்டு முட்டியையும் தொட்டுப் பாரு. ஒன்னு மட்டும் சூடா இருந்தா..."

"இருங்கப்பா. எழுதிக்கிடுதேன்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அடுத்த வலியைச் சொன்னேன்.